எட்கர் ஆலன் போவுக்கு முன்னுரை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும், கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவைத் தமிழில் அறிமுகப்படுத்தும்போது வழக்கமாக ஒரு பத்தி வந்துவிடுகிறது. சின்ன வயதில் பெற்றோரை இழந்தவர், குடிகாரர், அபினுக்கு அடிமை, மனைவியைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர், அந்த வேதனை தாங்காமல் இருண்ட கதைகளும் கவிதைகளும் எழுதியவர், கடைசியில் தெருவில் அநாதையாகக் கிடந்து செத்தவர். பின்னட்டையில் இதுதான், வகுப்புக் குறிப்பில் இதுதான், மேடைப் பேச்சிலும் இதுதான். இதில் ஒரு பகுதி உண்மை. இன்னொரு பகுதி அவரை வெறுத்த ஒருவர் அவர் இறந்தபின் கட்டிவிட்டது. உண்மையான பகுதியும் முன்பின்னாக அடுக்கப்பட்டிருப்பதால் வாசகரைத் தப்பான இடத்துக்கே கொண்டுபோய் விடுகிறது.

போவின் வாழ்க்கை அவர் எழுத்தைத் தொடவில்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆழமாகவே தொட்டிருக்கிறது. எந்த ஆண்டில், எந்த வழியாக, எந்த அளவுக்குத் தொட்டது என்பதை முன்னுரைகள் காட்ட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. அதற்கு முதலில் தேவை தேதிகள்.

மனைவி வர்ஜீனியாவிலிருந்தே தொடங்குவோம், பிழை அதிகம் நடப்பது அங்கேதான். 1842 ஜனவரி 20 அன்று, ஃபிலடெல்ஃபியா வீட்டில் பாடிக்கொண்டிருந்தபோது வர்ஜீனியாவின் தொண்டையிலிருந்து இரத்தம் வந்தது. காசநோயின் முதல் வெளிப்படையான அடையாளம் அது. ஐந்து ஆண்டுகள் தேறுவதும் சாய்வதுமாக இருந்து, 1847 ஜனவரி 30 அன்று நியூயார்க்கை அடுத்த ஃபோர்டாமில் ஒரு சிறு வீட்டில் இறந்தார். இப்போது கதைகளின் ஆண்டுகளை எதிரே வைத்துப் பாருங்கள். ‘பெரெனிஸ்’ 1835. ‘மொரெல்லா’ 1835. ‘லிஜியா’ 1838. ‘அஷர் மாளிகையின் வீழ்ச்சி’ 1839. நோயில் வாடும் அழகிய பெண், புதைத்தும் அடங்காத பெண், இறந்த பின் திரும்பி வரும் பெண் என்று போவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கதைகள் எல்லாம் வர்ஜீனியா நலமாக நடமாடிய காலத்தில் எழுதப்பட்டவை. ‘மொரெல்லா’வும் ‘பெரெனிஸ்’ஸும் அச்சேறியபோது அவர்களுக்குத் திருமணமே ஆகவில்லை. மனைவியின் மரணம் இந்தக் கதைகளைப் பெற்றெடுத்தது என்று எழுதினால், விளைவு காரணத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்திப் பிறந்ததாக ஆகிவிடும்.

‘தி ரேவன்’ (அண்டங்காக்கை) கவிதைக்கும் இதே கதிதான். இறந்த லெனோருக்காக ஏங்கும் அந்தக் குரலை மனைவியை இழந்தவரின் ஓலம் என்று பாடம் நடத்துகிறார்கள். அது வெளியானது 1845 ஜனவரி 29, ‘ஈவினிங் மிரர்’ நாளிதழில். வர்ஜீனியா அப்போது உயிரோடு இருந்தார். இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தார். வரப்போகும் இழப்பின் அச்சம் அந்தக் கவிதையில் இருக்கிறது என்று சொல்லுங்கள், ஏற்கலாம். நடந்துவிட்ட இழப்பின் துக்கம் என்று சொன்னால் தவறு. அப்படி எழுதத் தகுந்தவை 1847 டிசம்பரில் வந்த ‘யூலலூம்’, 1849இல் போ இறந்த இரண்டாம் நாள் அச்சான ‘அனபெல் லீ’ ஆகியவை.

அப்படியானால் 1842 எதை மாற்றியது? கதைகளை ஆண்டு வரிசையில் படிப்பவர்களுக்கு ஒரு திருப்பம் கண்ணில் படும். இறந்தவள் திரும்பி வரும் கதை அதன் பிறகு ஏறக்குறைய நின்றுபோகிறது. அந்த இடத்தில் கொலை செய்தவனின் வாக்குமூலம் வந்து உட்காருகிறது: 1843இல் ‘காட்டிக்கொடுத்த இதயம்’, ‘கருப்புப் பூனை’, 1845இல் ‘வக்கிரத்தின் குட்டிச்சாத்தான்’, 1846இல் ‘அமொன்டியாடோ பீப்பாய்’. செத்தவள் மீண்டு வருவதைக் கற்பனையில் எழுதிக்கொண்டிருந்தவர், வீட்டுக்குள் ஒருத்தி மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தபோது உரைநடையில் அதைக் கைவிட்டார், கவிதைக்குக் கொண்டுபோனார். இது எங்கள் வாசிப்புதான், நிரூபணம் அல்ல. ஆனால் தேதிகள் இதற்கு இடம் கொடுக்கின்றன. வழக்கமான பத்திக்கு இடம் கொடுப்பதில்லை.

1842 மே மாதம் ‘கிரஹாம்ஸ்’ இதழில் வந்த ‘செம்மரணத்தின் முகமூடி நடனம்’ கதையில் கொள்ளைநோயின் முத்திரையே இரத்தம்தான். வர்ஜீனியாவின் வாயில் இரத்தம் வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. இதைவிட அழுத்தமான சான்று 1845 டிசம்பரில் வந்த ‘திரு. வால்டமார் விவகாரத்தின் உண்மைகள்’. அதில் சாகக் கிடப்பவன் ஒரு நுரையீரல் நோயாளி. இடது நுரையீரல் பதினெட்டு மாதங்களாகப் பாதி எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் இறுகிப் பயனற்றுக் கிடக்கிறது, வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி சீழ்க் கட்டிகள் ஒன்றோடொன்று கலந்த திரள் என்று மருத்துவக் குறிப்பு போலவே எழுதுகிறார். உயிர் பிரியும் தறுவாயில் அவனை மெஸ்மரிசம் என்ற வசியத் துயிலால் கட்டி, ஏறக்குறைய ஏழு மாதம் சாகவும் விடாமல் வாழவும் விடாமல் நிறுத்திவைக்கிறார்கள். அந்த நேரத்தில் நான்காவது ஆண்டாக ஒரு காசநோயாளியின் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுதியது அது. இலண்டனில் சிறுநூலாக மறுபதிப்பானபோது பலர் அதை மெய்யான மருத்துவ அறிக்கை என்றே நம்பினார்கள். உங்கள் தொகுப்புகளில் இந்தக் கதை பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. வாழ்க்கையும் புனைவும் சந்திக்கும் இடத்தைக் காட்ட ஒரே ஒரு கதைதான் சேர்க்க முடியும் என்றால், ‘கருப்புப் பூனை’யை விட்டுவிட்டு இதைச் சேர்க்கச் சொல்வோம்.

அந்த ஐந்து ஆண்டுகளைப் போ தன் வாயாலேயே விவரித்திருக்கிறார். 1848 ஜனவரி 4 அன்று ஜார்ஜ் எவலெத் என்ற இளம் வாசகருக்கு எழுதிய கடிதத்தில், இரத்தக் குழாய் மீண்டும் மீண்டும் உடைந்ததையும், ஒவ்வொரு முறையும் அவளுக்கு விடைகொடுத்துவிட்டு மறுபடி நம்பிக்கை கொண்டதையும், அந்த ஊசலாட்டம்தான் தன்னைச் சித்தம் கலங்க வைத்ததையும் சொல்கிறார். அந்தக் கலக்கத்தில் குடித்தேன், எதிரிகள் குடியால் கலங்கினேன் என்று திருப்பிப் போட்டார்கள் என்கிறார். அவர் தரப்பு வாதம் அது, அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் முன்னுரையில் மேற்கோள் காட்ட ஒரு ஆவணம் வேண்டுமென்றால் இதைக் காட்டுங்கள்.

சரி, 1842க்கு முந்தைய கதைகளில் இவ்வளவு சாவு எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. போ பிறந்தது 1809 ஜனவரி 19, பாஸ்டனில். தாய் எலிசபெத் நாடக நடிகை. தந்தை டேவிட்டும் நடிகர். குடும்பத்தை விட்டுப் போய்விட்டவர். 1811 டிசம்பர் 8 அன்று ரிச்மண்டில் எலிசபெத் இறந்தபோது போவுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. எலிசபெத்துக்கு வயது 24. அண்ணன் ஹென்றி 1831இல் இறந்தபோது அவருக்கும் வயது 24. பின்னால் வர்ஜீனியா இறந்ததும் 24 வயதில். எலிசபெத்துக்கும் ஹென்றிக்கும் காசநோய் என்றே கருதப்படுகிறது. இடையில், பள்ளிக்கால நண்பனின் தாயும் சிறுவன் போவிடம் பரிவு காட்டியவருமான ஜேன் ஸ்டானர்ட் 1824இல் இறந்தார். 1831இல் வந்த ‘ஹெலனுக்கு’ கவிதை அவரை நினைத்து எழுதியது. வளர்ப்புத் தாய் ஃபிரான்சஸ் ஆலன் 1829 பிப்ரவரியில் இறந்தார். இருபத்திரண்டு வயதுக்குள் இத்தனை சாவு. ‘பெரெனிஸ்’ கதையின் நாயகன் தான் பிறந்த நூலக அறையிலேயே தன் தாய் இறந்ததாகச் சொல்வதை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்கலாம். அதற்கு வர்ஜீனியா தேவையில்லை.

வர்ஜீனியாவைப் பற்றி இன்னொன்று. திருமணம் 1836 மே 16. மணமகளுக்கு 13 வயது, போவுக்கு 27. அவர் போவின் அத்தை மகள். திருமண உறுதிப்பத்திரத்தில் அவருக்கு 21 வயது என்று எழுதப்பட்டிருக்கிறது. பல முன்னுரைகள் ‘இளம் மனைவி’ என்று சொல்லிக் கடந்துபோகின்றன. வயதை எண்ணால் எழுதுங்கள். போவின் துயரங்களைப் பட்டியலிடும் நமக்கு இதை மறைக்கும் உரிமை கிடையாது.

இனி, முன்னுரைகளில் அறவே காணாமல் போகும் விஷயத்துக்கு வருகிறோம்: காசு. போவின் வாழ்க்கையில் மிக நீண்ட துன்பம் சாவோ குடியோ அல்ல, வறுமை. கதைகளின் வடிவத்தை நேரடியாகத் தீர்மானித்ததும் அதுவே.

வளர்ப்புத் தந்தை ஜான் ஆலன் ரிச்மண்டில் வசதியான வணிகர், ஆனால் போவைச் சட்டப்படி தத்தெடுக்கவில்லை. 1826இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். கொடுத்த பணம் போதவில்லை. போ சூதாடிக் கடன்பட்டார். ஆலன் அடைக்க மறுத்தார். படிப்பு ஓராண்டுக்குள் முடிந்தது. 1834இல் ஆலன் இறந்தபோது உயிலில் போவுக்கு ஒரு காசு இல்லை. அதன்பின் பேனாவைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. அமெரிக்காவில் பேனா பிழைப்பு ஏன் அவ்வளவு மோசம் என்பதற்கும் காரணம் உண்டு. வெளிநாட்டு நூல்களுக்கு அங்கே 1891 வரை பதிப்புரிமைப் பாதுகாப்பு இல்லை. ஆங்கிலேயரின் நாவலை உரிமைத்தொகை கொடுக்காமல் அச்சிட முடியும்போது, உள்ளூர்க்காரருக்கு எந்தப் பதிப்பாளர் பணம் கொடுப்பார்? போவின் முதல் கதைத் தொகுதி, 25 கதைகள், இரண்டு பாகம், 1839 இறுதியில் 750 படிகள் அச்சானது. ஆசிரியருக்குக் கிடைத்தது சில இலவசப் படிகள் மட்டும். இரண்டு ஆண்டு கழித்து அவர் மறுபதிப்பு கேட்டபோது, பழையதே விற்று முடியவில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

ஆகவே அவருக்கு மிஞ்சியது மாத இதழ். இதழ் விற்க வேண்டும், கதை இதழின் சில பக்கங்களுக்குள் முடிய வேண்டும், ஒரே அமர்வில் படிக்கப்பட வேண்டும். 1842இல் சக அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்னின் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில், சிறுகதை அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் படித்து முடியக்கூடியதாக இருக்க வேண்டும், முதல் வாக்கியத்திலிருந்தே ஒரே ஒரு விளைவை நோக்கிப் போக வேண்டும் என்கிறார். இன்று நம் வகுப்புகளில் சிறுகதை இலக்கணமாகச் சொல்லிக்கொடுக்கும் கருத்து இது. இதழாசிரியராக இருந்தவரின் தொழில் அனுபவத்தில் விளைந்தது.

இருட்டைத் தேர்ந்தெடுத்ததிலும் தொழில் கணக்கு உண்டு. ‘பெரெனிஸ்’ கதையில் காதலியின் கல்லறையைத் தோண்டி அவள் முப்பத்திரண்டு பற்களையும் பிடுங்கிவிடுகிறான் நாயகன். கதை வந்ததும் வாசகர்கள் அருவருப்போடு புகார் செய்தார்கள். ‘சதர்ன் லிட்டரரி மெசஞ்சர்’ உரிமையாளர் தாமஸ் ஒயிட்டுக்குப் போ 1835 ஏப்ரல் 30 அன்று எழுதிய பதிலை ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் படிக்க வேண்டும். கதை கொஞ்சம் எல்லை மீறிவிட்டது என்று ஒப்புக்கொள்கிறார். இப்படி ஒரு பொருளை வைத்துக் கனமாக எழுத முடியாது என்று ஒருவர் கட்டிய பந்தயத்தில் பிறந்தது என்கிறார். புகழ் பெற்ற இதழ்கள் எல்லாம் இந்த மாதிரிக் கதைகளால்தான் புகழ் பெற்றன, அச்சமூட்டுவதைக் கொடூரமாகவும் விசித்திரமானதை மர்மமாகவும் ஏற்றிக் காட்டுவதுதான் அவற்றின் இயல்பு, மெச்சப்பட வேண்டுமென்றால் முதலில் படிக்கப்பட வேண்டும் என்று விளக்குகிறார். சந்தையை அளந்து பார்த்தவரின் கடிதம் இது. 1838இல் இதே வகைக் கதைகளை எப்படித் தயாரிப்பது என்று கேலி செய்து ஒரு கதையே எழுதினார். ஸ்காட்லாந்தின் ‘பிளாக்வுட்’ இதழ் பரபரப்புக் கதைகளுக்குப் பேர்போனது. அந்தப் பாணியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுகிறார் அதில்.

இதனால் அவருடைய திகில் போலி என்று ஆகிவிடாது. 1839 தொகுதியின் முன்னுரையில், தன் கதைகளின் திகில் ஜெர்மனியிலிருந்து (அதாவது அந்நாட்டுத் திகில் கதைகளிலிருந்து) வந்ததல்ல, ஆன்மாவிலிருந்து வந்தது என்று எழுதினார். இரண்டும் சேர்ந்தே உண்மை. சிறு வயதிலிருந்து சாவைப் பார்த்த மனம், அந்தச் சரக்குக்குச் சந்தை இருப்பதை அறிந்த கை. முன்னுரை எழுதுபவர்கள் மனத்தை மட்டும் பேசிக் கையை விட்டுவிடுவதால்தான் போ ஏதோ ஆவேசம் வந்து எழுதியவராகத் தோன்றுகிறார். ‘தி ரேவன்’ கவிதையை எப்படிக் கட்டினேன் என்று 1846இல் அவரே ஒரு கட்டுரை எழுதினார்: ஏறக்குறைய நூறு வரி என்று முதலில் நீளத்தை முடிவு செய்தாராம் (வந்தது 108, ஆறு வரி வீதம் 18 பத்தி), பிறகு உணர்ச்சி, பிறகு பல்லவி, பிறகுதான் அதைச் சொல்ல ஒரு பறவை. முதலில் கிளி என்று நினைத்ததாகவும் சொல்கிறார். அந்தக் கட்டுரையில் மிகை இருக்கிறது. எந்தக் கவிதையும் அவ்வளவு ஒழுங்காகப் பிறக்காது. ஆனால் அந்தப் பறவை போவின் ஆன்மாவின் இருளிலிருந்து நேராகப் பறந்து வந்தது என்பது அதைவிடப் பெரிய மிகை. சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘பார்னபி ரட்ஜ்’ நாவலில் ஒரு பேசும் ரேவன் உண்டு. 1842இல் அதற்கு மதிப்புரை எழுதியபோது, அந்தப் பறவையின் கரைதலை இன்னும் தீர்க்கதரிசனம் போலப் பயன்படுத்தியிருக்கலாம் என்று போ குறிப்பிட்டார். அதை மூன்று ஆண்டுகளில் தானே செய்துகாட்டினார்.

இடங்கள் வழியாக வாழ்க்கை கதைக்குள் வந்திருப்பதை நிறுவுவது எளிது, மாணவர்களுக்குப் பிடிக்கவும் பிடிக்கும். 1815 முதல் 1820 வரை ஆலன் குடும்பம் இங்கிலாந்தில் இருந்தது. போ இலண்டனை அடுத்த ஸ்டோக் நியூவிங்டனில் பிரான்ஸ்பி என்ற பாதிரியாரின் பள்ளியில் படித்தார். 1839இல் வந்த ‘வில்லியம் வில்சன்’ கதை அதே ஊரில் தொடங்குகிறது, தலைமையாசிரியர் பெயரும் பிரான்ஸ்பிதான். தன்னைப் போலவே இருக்கும் இன்னொருவன் தொடரும் அந்தக் கதையின் நாயகனுக்குப் பிறந்த நாள் ஜனவரி 19. போ தன் பிறந்த நாளையே கொடுத்திருக்கிறார். 1827இல் எட்கர் பெர்ரி என்ற பொய்ப் பெயரில் ராணுவத்தில் சேர்ந்தவர், தென் கரோலினாவில் சல்லிவன் தீவின் மௌல்ட்ரி கோட்டையில் பணியாற்றினார். 1843இல் 100 டாலர் பரிசு வென்ற ‘தங்க வண்டு’ நடப்பது அந்தத் தீவில். பகைகளையும் இப்படிப் பின்தொடரலாம்: 1846இல் தாமஸ் டன் இங்கிலிஷ் என்ற எழுத்தாளரோடு பத்திரிகைகளில் கடும் மோதல், அதையொட்டி அவதூறு வழக்கு, அதே ஆண்டு நவம்பரில் பழிவாங்கலின் கதையான ‘அமொன்டியாடோ பீப்பாய்’ வருகிறது. வழக்கில் போ வென்றார். இழப்பீடு 225 டாலர். கிடைத்தது 1847இல், வர்ஜீனியா இறந்த சில நாள்களில்.

அபின் அடிமை, பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தப்பட்டவர், ராணுவத்திலிருந்து ஓடியவர், இதயமற்றவர் என்பதெல்லாம் எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி ரூஃபஸ் கிரிஸ்வோல்ட் என்ற தொகுப்பாசிரியரிடமிருந்து. அவர் தொகுத்த கவிதைத் திரட்டைப் போ தாக்கியிருந்தார். ‘கிரஹாம்ஸ்’ இதழில் போ விட்ட ஆசிரியர் நாற்காலியில் 1842இல் உட்கார்ந்தவரும் அவர்தான். போ இறந்த இரண்டாம் நாள், 1849 அக்டோபர் 9 அன்று, ‘லுட்விக்’ என்ற புனைபெயரில் ‘நியூயார்க் டிரிபியூன்’ நாளிதழில் இரங்கல் எழுதினார். இந்தச் சாவு பலரைத் திடுக்கிட வைக்கும், ஆனால் வருந்துவோர் சிலரே என்பது அதன் தொடக்கம். பிறகு போவின் படைப்புகளைப் பதிப்பிக்கும் பொறுப்பும் அவர் கைக்கே வந்தது. 1850இல் அந்தப் பதிப்போடு ஒரு வாழ்க்கைக் குறிப்பை வெளியிட்டார். அதில் போவின் கடிதங்களைத் திருத்தினார், இல்லாத வரிகளைச் சேர்த்தார். ஆங்கில நாவலாசிரியர் புல்வர் லிட்டனின் நாவல் பாத்திரம் ஒன்றின் வருணனையை மேற்கோள் குறிகூட இல்லாமல் போவின் குணச்சித்திரமாக ஓட்டினார். 1941இல் போவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆர்தர் ஹாப்சன் குவின் மூலக் கடிதங்களையும் கிரிஸ்வோல்ட் அச்சிட்டவற்றையும் அருகருகே வைத்து மோசடியை அம்பலப்படுத்தினார். ஆனால் அதற்குள் 90 ஆண்டு ஓடிவிட்டது. அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், பள்ளிநூல்கள் எல்லாம் கிரிஸ்வோல்டைப் படியெடுத்து முடித்திருந்தன. நம் பின்னட்டைகளுக்கு வந்து சேர்வது அந்தப் படியின் படி.

நிலவரம் இதுதான். பல்கலைக்கழகத்திலிருந்து யாரும் போவை நீக்கவில்லை. மொழிப் பாடங்களில் சிறந்த தேர்ச்சியோடு, பணமின்றி வெளியேறினார். ராணுவத்தில் சார்ஜண்ட் மேஜர் வரை உயர்ந்து, மாற்றாள் ஏற்பாடு செய்து, 1829 ஏப்ரலில் முறைப்படி விடுவிக்கப்பட்டார். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியிலிருந்து 1831இல் ராணுவ நீதிமன்றம் நீக்கியது மட்டும் உண்மை, அதுவும் அவராகவே கடமையைப் புறக்கணித்து வரவழைத்துக்கொண்டது.

குடி உண்மை. அதை மழுப்ப வேண்டாம். வேலைகளை இழக்க அது காரணமாயிற்று, நண்பர்களை விரட்டியது. நாள்தோறும் குடித்தவர் அல்ல. மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டுச் சில நாள்கள் வீழ்பவர். எழுத்து விளைந்தது தெளிந்த மாதங்களில். நோயும் குடியும் வறுமையும் ஒன்றாகச் சூழ்ந்த 1847இல் அவர் வெளியிட்டது மிகச் சொற்பம் என்பதைக் காலவரிசையில் எவரும் பார்க்கலாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குடித்தால்தான் இருள் எழுத்தில் இறங்கும் என்று நம்பும் இளம் கவிஞர்களுக்கு நம் முன்னுரைகள் போவைச் சாட்சியாக நிறுத்துகின்றன. அவர் அதற்கு எதிர்ச்சாட்சி.

அபினைப் பொறுத்தவரை, ‘லிஜியா’வின் கதைசொல்லி அபினுக்கு அடிமை என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். அது பாத்திரத்தின் வார்த்தை. பாத்திரம் ‘நான்’ என்று பேசுவதால் அது எழுத்தாளரின் ஒப்புதல் ஆகிவிடாது. ஆகுமென்றால் போ நான்கைந்து கொலையும் செய்திருக்க வேண்டும். மருத்துவம் படித்தவரான தாமஸ் டன் இங்கிலிஷ், போவின் பகைவராக இருந்தும், அபின் பழக்கம் இருந்திருந்தால் தன் கண்ணுக்குத் தப்பியிருக்காது என்று பிற்காலத்தில் எழுதினார். ஆவணத்தில் இருப்பது ஒரு நிகழ்ச்சி: 1848 நவம்பர் தொடக்கத்தில் பிராவிடன்ஸில் இரண்டு அவுன்ஸ் லாடனம் (சாராயத்தில் கரைத்த அபின்) வாங்கி, பாஸ்டனுக்குப் போய் அதில் பாதியளவு குடித்ததாகத் தோழி ஆனி ரிச்மண்டுக்கு அதே மாதம் 16ஆம் தேதி எழுதிய கடிதத்தில் சொல்கிறார். பழக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. சாக நினைத்தவரின் செயலாகவே அது தெரிகிறது. வாசகருக்கு அதை அப்படியே, அலங்காரமின்றிச் சொல்லுங்கள்.

இதோடு சேர்த்து அட்டைப்பட ஓவியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கண்கள் குழிந்து, முகம் ஒரு பக்கம் இழுத்தாற்போல் இருக்கும் அந்தப் புகழ்பெற்ற படம் எடுக்கப்பட்டது 1848 நவம்பர் 9, பிராவிடன்ஸ் நகரில். லாடனம் குடித்த சில நாள்களுக்குப் பிறகு. ஒரு மனிதரின் மிக மோசமான வாரத்தில் எடுத்த படத்தை அவருடைய நாற்பது ஆண்டுகளுக்கும் முகமாக வைக்கிறோம். பார்ப்பவர், ‘அஷர்’ எழுதிய முகம் இதுதான் என்று எண்ணிக்கொள்கிறார். ‘அஷர்’ எழுதியபோது போவுக்கு 30 வயது. சாமுவேல் ஆஸ்குட் 1845 வாக்கில் தீட்டிய ஓவியம் கிடைக்கிறது. மீசை இல்லை, முகம் தெளிவானது, சற்று மென்மையானதும்கூட. பதிப்புரிமைத் தடையும் கிடையாது. அதைப் போடுங்கள். பழைய படத்தைத்தான் போட வேண்டுமென்றால் தேதியையும் ஊரையும் கீழே அச்சிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டிய நடைமுறை விஷயம் பாடபேதம். போ ஓயாமல் திருத்தியவர். ‘பெரெனிஸ்’ கதையிலிருந்து நான்கு பத்திகளை 1845இல் நீக்கினார். ‘ஓவல் ஓவியம்’ 1842இல் வேறு தலைப்போடு, அபின் பற்றிய நீண்ட தொடக்கத்தோடு வந்தது. 1845இல் அந்தப் பகுதியை வெட்டியெறிந்தார். ‘லிஜியா’வுக்குள் இருக்கும் ‘வெற்றிப் புழு’ கவிதை 1838 வடிவில் கிடையாது. 1843இல் தனியாக வெளியாகி, பிறகுதான் கதைக்குள் போனது. இணையத்தில் கையில் கிடைத்த பாடத்தை எடுத்து மொழிபெயர்த்துவிட்டு, முதல் வெளியீட்டு ஆண்டைக் கீழே போட்டால், 1838இன் போ 1845இன் வரிகளை எழுதியதாக ஆகிவிடும். அதன்மேல் கட்டும் வாழ்க்கை விளக்கம் எல்லாம் சரியும். தாமஸ் ஆலிவ் மாபட் பதிப்பு (கவிதைகள் 1969, கதைகள் 1978) ஒவ்வொரு படைப்பின் எல்லா வடிவங்களையும் தேதியோடு தருகிறது. அதை வைத்து, ஒவ்வொரு கதையின் கீழும் இரண்டு ஆண்டுகள் போடுங்கள்: முதலில் வந்த ஆண்டு, நீங்கள் மொழிபெயர்த்த வடிவத்தின் ஆண்டு. கதைகளையும் ஆண்டு வரிசையிலேயே அடுக்குங்கள். புகழ்பெற்றவற்றை முன்னால் தள்ளும் ஆசையில் ‘கருப்புப் பூனை’ முதலிலும் ‘மொரெல்லா’ கடைசியிலும் வந்தால், மேலே சொன்ன திருப்பம் எந்த வாசகருக்கும் தெரியாது. நகைச்சுவைக் கதை ஒன்றும் ஏமாற்றுச் செய்தி ஒன்றும் சேர்த்தால் நல்லது. 1844இல் ‘நியூயார்க் சன்’ நாளிதழில், பலூன் ஒன்று அட்லாண்டிக் கடலைத் தாண்டிவிட்டதாக அவர் எழுதிய பொய்ச்செய்தியில் பலூன் வந்து இறங்குவதும் அந்தச் சல்லிவன் தீவில்தான்.

கடைசியாக அவர் மரணம். முன்னுரைகளில் மிகத் துணிச்சலான பொய்கள் இந்த இடத்தில்தான் வருகின்றன. குடித்தே செத்தார் என்று ஒருவர் எழுதுகிறார். வெறிநாய்க்கடி நோய் என்று இன்னொருவர் நிரூபித்துவிட்டதாகவே எழுதுகிறார். தேர்தல் குண்டர்கள் பிடித்து வைத்து, குடிக்கக் கொடுத்து, திரும்பத் திரும்ப ஓட்டுப் போட வைத்தார்கள் என்று மூன்றாமவர். மூன்றும் ஊகங்கள். வெறிநாய்க்கடி என்ற கருத்து 1996இல் ஒரு மருத்துவர் முன்வைத்தது. மருத்துவமனைக் குறிப்போ இறப்புச் சான்றிதழோ எதுவும் எஞ்சவில்லை. கடைசி நாள்களில் கவனித்த மருத்துவர் மோரன் பின்னாளில் சொன்ன விவரங்கள் காலத்துக்குக் காலம் மாறின. சில வாரங்கள் முன்பு ரிச்மண்டில் மதுவிலக்குச் சங்கத்தில் போ உறுதிமொழி எடுத்திருந்தார் என்பதும், கண்டெடுக்கப்பட்டபோது அவர் உடுத்தியிருந்தவை அவருடைய உடைகளாகத் தெரியவில்லை என்பதும் மேலும் குழப்புகின்றன.

மறுபதிப்புக்குப் போகும்போது அந்தப் பத்தியை எடுத்துவிட்டு இவ்வளவு மட்டும் போடுங்கள்: 1849 செப்டம்பர் 27 அன்று ரிச்மண்டிலிருந்து கிளம்பினார். அக்டோபர் 3 அன்று, தேர்தல் நாளில், பால்டிமோரில் வாக்குச்சாவடியாக இருந்த ஒரு மதுக்கடையில் நினைவு தடுமாறிய நிலையில் கண்டெடுக்கப்பட்டார். அக்டோபர் 7 ஞாயிறு அதிகாலை வாஷிங்டன் கல்லூரி மருத்துவமனையில் இறந்தார். வயது 40. காரணம் தெரியவில்லை.

இப்படிக்கு,
போவின் படைப்புகளை வாசித்தும் கற்பித்தும் வருவோர்